மாலத்தீவு வேலை: பயணப்படும் முன் குடும்பமாக யோசிக்க வேண்டியவை



சபுராளி என்ற சொல் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் பர்மா, மலாயா, சிலோன்; பிறகு சவூதி, துபாய், குவைத். இப்போது நம் பகுதியில் அடிக்கடி காதில் விழும் பெயர் மாலத்தீவு. பி.எட். முடித்த சகோதரிகள், நர்சிங் படித்த பிள்ளைகள், கணக்காளர்கள், எலக்ட்ரீஷியன்கள், சமையல்காரர்கள், கொத்தனார்கள் எனப் பலரும் "அங்கே போகலாமா?" என்று நம் அறக்கட்டளை அலுவலகத்தில் கேட்கிறார்கள். சிலர் வட்டியில்லாக் கடன் விண்ணப்பத்தோடும் வருகிறார்கள்.

ஆசைக்குக் காரணம் இருக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து விமானம் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். முஸ்லிம் நாடு. ஐந்து வேளையும் பாங்கு கேட்கும். ஹலால் உணவுக்குத் தேட வேண்டியதில்லை. பெரும்பாலோர் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுபவர்கள் என்பதால், நம் கடற்கரை ஊர்க்காரர்களுக்குத் தொழுகை முறையும் பழகியதாகவே இருக்கும். போதாததற்குக் கைப்பேசியில் வரும் நீலக் கடல் படங்கள் வேறு.

ஆனால் "மாலத்தீவுக்குப் போகலாமா?" என்ற கேள்விக்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. எந்தத் தீவு, கையில் என்ன தாள், மாதக் கடைசியில் வீட்டுக்கு வந்து சேரும் தொகை எவ்வளவு, சரிப்படவில்லை என்றால் திரும்பும் வழி என்ன. இந்த நான்கும் தெரிந்த பிறகே போகலாம் என்றோ வேண்டாம் என்றோ முடிவு செய்ய முடியும். இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எந்தத் தீவு?

மாலத்தீவு ஒரு தீவல்ல. வடக்கிலிருந்து தெற்காக 800 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் கடலில், ஏறத்தாழ 1,190 சிறு தீவுகள். அவற்றில் உள்ளூர் மக்கள் குடியிருப்பவை 200க்கும் குறைவு. 2022ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் வசித்தவர்கள் சுமார் 5 லட்சத்து 15 ஆயிரம் பேர். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வெளிநாட்டவர். ஆகவே வெளியூர் ஆட்கள் அங்கே புதியவர்கள் அல்ல. ஆனால் எந்தத் தீவில் போடுகிறார்களோ, அதைப் பொறுத்து வாழ்க்கை முற்றிலும் வேறுபடும்.

வேலைக்குப் போகிறவர் கணக்கில் தீவுகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது தலைநகர் மாலேயும் அதை ஒட்டிய ஹுல்ஹுமாலே போன்ற தீவுகளும். நாட்டு மக்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இந்தப் பகுதியில்தான் வசிக்கிறார்கள். மாலே தீவின் பரப்பு சுமார் 2 சதுர கிலோமீட்டர்தான். ஆகவே கட்டடத்தோடு கட்டடம் ஒட்டி நிற்கும். வீட்டு வாடகை மிக அதிகம். பெரிய மருத்துவமனைகள், வங்கிகள், அலுவலகங்கள், இந்தியத் தூதரகம் எல்லாம் இங்கேதான். 2018ல் திறந்த பாலம் மாலேயை விமான நிலையத்தோடும் ஹுல்ஹுமாலேயோடும் இணைக்கிறது.

இரண்டாவது வெளித்தீவுகள். ஆசிரியர், செவிலியர் வேலைக்குப் போகும் பலருக்கும் கிடைப்பது இதுதான். சில நூறு பேரோ, ஓரிரு ஆயிரம் பேரோ வாழும் தீவு. ஒரு பள்ளிக்கூடம், ஒரு சுகாதார நிலையம், சில கடைகள், பள்ளிவாசல். அமைதி உண்டு, வாடகை குறைவு, மக்கள் மரியாதையாகப் பழகுவார்கள். ஆனால் தீவை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தே கடந்துவிடலாம். மாலேக்கு வரப் படகோ, ஸ்பீட்போட்டோ, உள்நாட்டு விமானமோ வேண்டும். தெற்கே உள்ள அட்டு மாலேயிலிருந்து 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில் கடல் கொந்தளித்தால் படகுப் போக்குவரத்து தடைப்படும்.

மூன்றாவது ரிசார்ட் தீவுகள். ஒரு தீவு முழுவதும் ஒரே சொகுசு விடுதி என்பது அந்நாட்டு ஏற்பாடு. உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் மதுவுக்கு இடமில்லை. ரிசார்ட்டில் சுற்றுலாப் பயணிகளுக்கு மதுவும் பன்றி இறைச்சியும் பரிமாறப்படும். தங்குமிடமும் சாப்பாடும் பெரும்பாலும் நிர்வாகமே தரும் என்பதால் கையில் மிஞ்சும் தொகை கூடும். ஆனால் குடும்பத்தோடு வாழும் இடமல்ல அது.

எனவே வேலை தருகிறேன் என்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது சம்பளத்தை அல்ல, தீவின் பெயரை. "மாலத்தீவில் எங்காவது போடுவார்கள்" என்ற பதிலை நம்பி எந்தக் குடும்பமும் நகையை அடகு வைக்கக் கூடாது.

கையில் என்ன தாள்?

சுற்றுலாவாகப் போகும் இந்தியர்கள் முன்கூட்டியே விசா எடுக்காமல் 90 நாட்கள் வரை அங்கே தங்கலாம். நல்ல வசதிதான். ஆனால் ஏமாற்று வேலை நுழைவதும் இந்த வாசல் வழியாகத்தான். "இப்போது டூரிஸ்டாகப் போய்விடு, அங்கே போனதும் மாற்றிக் கொள்ளலாம்" என்று சொல்பவரை நம்ப வேண்டாம். சுற்றுலா அனுமதியில் வேலை செய்வது அந்நாட்டுச் சட்டப்படி குற்றம். பிடிபட்டால் நாடு கடத்தப்படுவார். சம்பள பாக்கியைக் கேட்கவும் கையில் ஆதாரம் இருக்காது.

முறையான வழி இது. வெளிநாட்டவரை அமர்த்துவதற்கான அனுமதியை முதலாளி முதலில் பெற வேண்டும். பிறகு உங்கள் பெயரிலும் பாஸ்போர்ட் எண்ணிலும் ஒர்க் பெர்மிட்டுக்கான நுழைவு அனுமதி வரும். அந்தத் தாளோடுதான் விமானம் ஏற வேண்டும். போய் இறங்கிய பின் மருத்துவப் பரிசோதனை, ஒர்க் பெர்மிட் அட்டை, வேலை விசா ஆகியவை நடக்கும். ஒர்க் பெர்மிட் ஒரு முதலாளியோடு கட்டுண்டது; நினைத்தபடி வேறு கடைக்கோ நிறுவனத்துக்கோ மாற முடியாது. அதற்குரிய கட்டணத்தை முதலாளி ஒழுங்காகக் கட்டாவிட்டால், தவறு செய்யாத தொழிலாளியும் அனுமதி இல்லாதவர் ஆகிவிடுவார். 2024 முதல் வெளிநாட்டவர்களின் கைரேகையைப் பதிவு செய்து, அனுமதியின்றித் தங்கியிருப்பவர்களை அடையாளம் காணும் பணியை அந்நாட்டு அரசு முடுக்கிவிட்டிருப்பதால், இதில் அலட்சியம் ஆபத்து.

நம் நாட்டுப் பக்கத்திலும் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக இ.சி.ஆர். வகையில் வரும். அத்தகையவர்கள் சவூதி, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது இந்திய அரசின் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகம் ஒப்பந்தத்தைப் பார்த்து அனுமதி தர வேண்டும். அந்த 18 நாடுகளின் பட்டியலில் மாலத்தீவு இல்லை. "கிளியரன்ஸ் எல்லாம் தேவையில்லை, சுலபம்" என்று ஏஜெண்டுகள் சொல்வது இதனால்தான். உண்மைதான், ஆனால் அதன் பொருள், உங்கள் ஒப்பந்தத்தை அரசு சார்பில் யாரும் பார்க்கவில்லை என்பது. அந்தச் சோதனையை நாமே செய்துகொள்ள வேண்டும்.

ஏஜெண்ட் மூலம் போவதானால், அவர் 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவர் வேலை தேடுபவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான். ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் கேட்பவரிடம் ரசீது கேளுங்கள். தரத் தயங்கினால் அங்கேயே விஷயம் புரிந்துவிடும்.

ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும்? 2008ஆம் ஆண்டு மாலத்தீவு வேலைவாய்ப்புச் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்குகிறது. பொதுவாக வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. அதற்கு மேல் செய்தால் ஒன்றேகால் மடங்கு ஊதியம். வெள்ளிக்கிழமையிலும் அரசு விடுமுறையிலும் ஒன்றரை மடங்கு. ஓராண்டு முடித்தால் 30 நாட்கள் ஊதியத்துடன் விடுப்பு. சில வகை வேலைகளுக்கு விதிவிலக்குகள் உண்டு. எனவே மணி நேரம், ஓவர்டைம், விடுப்பு, தங்குமிடம், சாப்பாடு, போகவர விமானச் சீட்டு யார் செலவு என்பவை எல்லாம் தாளில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். 2022ல் அங்கே வந்த குறைந்தபட்ச ஊதியம் அந்நாட்டுக் குடிமக்களுக்காக வகுக்கப்பட்டது. அது நமக்கும் கிடைக்கும் என்று கணக்குப் போட வேண்டாம்.

இன்னொன்று. பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து என்று நம் பாஸ்போர்ட் சட்டமே சொல்கிறது. பதிவு வேலைக்காகச் சில நாள் கொடுத்து வாங்குவது வேறு. முதலாளி பூட்டி வைத்துக்கொள்வது வேறு. பாஸ்போர்ட், ஒப்பந்தம், நுழைவு அனுமதி மூன்றின் நகலையும் வீட்டில் ஒன்று, கைப்பேசியில் ஒன்று என்று வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

வீட்டுக்கு எவ்வளவு வந்து சேரும்?

அந்நாட்டுப் பணம் ரூஃபியா. ஒரு டாலருக்கு அதிகபட்சம் 15.42 ரூஃபியா என்பது அரசு நிர்ணயித்த மதிப்பு. ஏஜெண்டுகள் சம்பளத்தை இந்திய ரூபாயில் மாற்றிச் சொல்லும்போது இந்த மதிப்பைத்தான் பயன்படுத்துவார்கள். நடைமுறை அப்படி இல்லை. நாட்டில் டாலர் தட்டுப்பாடு இருப்பதால் வங்கியில் கேட்ட அளவு டாலர் கிடைப்பதில்லை. வெளிச்சந்தையில் கூடுதல் விலை கொடுக்க வேண்டிவரும்.

ஒரு பேச்சுக்கு, மாதச் சம்பளம் 12,000 ரூஃபியா என்று வைத்துக்கொள்வோம். அரசு மதிப்பில் அது சுமார் 778 டாலர். வெளிச்சந்தையில் டாலருக்கு 18 ரூஃபியா கொடுக்க நேர்ந்தால் அதே சம்பளம் சுமார் 667 டாலர்தான். மாதம் 111 டாலர் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிடுகிறது. இதற்கு மேல் அறை வாடகை, சாப்பாடு, போன், படகுக் கட்டணம் ஆகியவற்றைக் கழித்துவிட்டுப் பாருங்கள். அதே வேலைக்குச் சம்பளம் டாலரில் என்று ஒப்பந்தம் இருந்தால் இந்த இழப்பு இல்லை. எனவே "எவ்வளவு?" என்பதோடு "எந்தப் பணத்தில்?" என்றும் கேட்க வேண்டும்.

பாரத ஸ்டேட் வங்கி மாலேயில் 1974 முதல் இயங்கி வருகிறது. ஆனால் வங்கி வழியே மாதம் இவ்வளவுதான் வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்ற வரம்பு உண்டு. டாலர் நிலவரத்துக்கேற்ப அது மாறும். புறப்படும் மாதத்தில் அந்த வரம்பு என்ன என்பதை அங்கே இருக்கும் ஊர்க்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வரம்பு குறைந்துவிட்டது என்பதற்காக உண்டியல் வழியில் அனுப்புவது நம் நாட்டுச் சட்டப்படி குற்றம். பணம் போனால் கேட்க ஆளில்லை.

வருமான வரியைப் பற்றிப் பலரும் கவலைப்படுகிறார்கள். 2020 முதல் அங்கே சம்பளத்துக்கு வரி உண்டு என்றாலும், மாதம் 60,000 ரூஃபியா வரை வரி இல்லாத விதத்தில்தான் அது வகுக்கப்பட்டது. நம்மில் பெரும்பாலோருக்கு அது பொருந்தாது.

செலவைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். மீனும் தேங்காயும் போக, அங்கே உண்பது உடுப்பது கட்டுவது எல்லாமே வெளியிலிருந்து வருபவை. தூத்துக்குடியிலிருந்து தோணியில் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏறிப் போவதையும், அங்கிருந்து நம் சமையலறைக்கு மாசி வருவதையும் கடற்கரை ஊர்க்காரர்கள் அறிவார்கள். அங்கே ஆறு இல்லை. மாலேயில் குழாயில் வருவது கடல்நீரிலிருந்து உப்பை நீக்கிய தண்ணீர். 2014 டிசம்பரில் அந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பிடித்தபோது தலைநகரமே தண்ணீரின்றித் தவித்தது. இந்தியா விமானத்திலும் கப்பலிலும் குடிநீர் அனுப்பியது. தீவு வாழ்க்கையின் விலை எப்படிப்பட்டது என்பதற்கு அது ஓர் உதாரணம்.

இதையெல்லாம் கழித்த பிறகு மாதம் மிஞ்சும் தொகையை ஏஜெண்டுக்குக் கொடுக்கும் பணத்தோடும் வாங்கும் கடனோடும் ஒப்பிடுங்கள். கடன் அடைய எட்டு மாதத்துக்கு மேல் ஆகும் என்றால், வேலை நிலைக்குமா என்பதை இரண்டு முறை யோசிக்க வேண்டும். அதை வட்டிக்கு வாங்கிக் கொடுப்பது, ஹலாலான சம்பாத்தியத்தைத் தேடிப் போகும் பயணத்தை ஹராமில் தொடங்குவது ஆகும்.

பிள்ளைகளும் மனைவியும்

தகுதியான வேலையில் இருப்பவர்கள் குடும்பத்தை அழைத்துக்கொள்ள வழி உண்டு. ஆனால் அழைத்துப் போவதா, விட்டுப் போவதா என்பது பெரிய முடிவு.

அங்கே பள்ளிக்கூடங்களில் ஆங்கில வழிக் கல்வி. திவேஹி மொழியும் இஸ்லாமும் பாடங்கள். உயர் வகுப்புகளில் பிரிட்டிஷ் முறைத் தேர்வுகள். தமிழ் கிடையாது. தொடக்க வகுப்புப் பிள்ளைகள் இரண்டு மூன்று வருடம் படித்துவிட்டுத் திரும்பினால் சமாளிப்பார்கள். எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையை அழைத்துப் போய்ப் பதினொன்றில் இங்கே சேர்க்க வேண்டிவந்தால் பாடத்திட்டம் இடிக்கும். அந்த வயதுப் பிள்ளை இருக்கும் குடும்பம் பள்ளி வருடத்தைக் கணக்கிட்ட பிறகே முடிவெடுக்கட்டும்.

மருத்துவம் அடுத்தது. மாலேயில் இந்திய உதவியோடு கட்டி 1995ல் திறந்த இந்திரா காந்தி நினைவு மருத்துவமனை இருக்கிறது. வெளித்தீவில் இருப்பவருக்கு நெஞ்சு வலி வந்தாலோ, பிரசவத்தில் சிக்கல் என்றாலோ, கடல் கடந்துதான் பெரிய மருத்துவமனைக்கு வர முடியும். அந்நாட்டுக் குடிமக்களுக்கு அரசு காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது; நமக்கு அது இல்லை. முதலாளி எடுத்துத் தரும் காப்பீடு எதற்கெல்லாம் பணம் தரும் என்பதைக் கேட்டு வையுங்கள். தொடர் சிகிச்சையில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், நோயாளிப் பெற்றோருக்கு ஒரே பிள்ளையாக இருப்பவர்கள் வெளித்தீவு வேலையைத் தவிர்ப்பது நல்லது என்பது எங்கள் கருத்து.

தனியாக வெளித்தீவுக்குப் போகும் ஆசிரியைகள் பலர் கௌரவமாக வேலை பார்த்துத் திரும்புகிறார்கள். அவர்களுக்கு நாம் சொல்வது: அதே தீவில் ஏற்கெனவே இருக்கும் ஓர் இந்திய ஆசிரியையோடு பேசாமல் கையெழுத்திட வேண்டாம். தங்கும் அறை யாரோடு, கதவுக்குத் தாழ் உண்டா, பள்ளிக்கும் அறைக்கும் எவ்வளவு தூரம் என்பதை அவரிடம்தான் கேட்க முடியும்.

கணவர் மட்டும் போவதானால், மனைவியின் சம்மதம் ஒரு சடங்கு அல்ல. குடும்பத்தைப் பிரிந்திருக்கும் படைவீரர்களுக்குக் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் கால வரம்பு வகுத்த வரலாற்றை நம் ஆலிம்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மாதச் செலவு யார் கையில் வரும், உம்மா வாப்பாவுக்கு எவ்வளவு, மனைவிக்கு எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவது என்பதைப் புறப்படும் முன்பே பேசி முடித்தால், பின்னால் மாமியார் மருமகள் மனத்தாங்கல் பாதி குறையும்.

முஸ்லிம் நாடு என்றால் எல்லாம் சரியா?

கி.பி. 1153ல் இஸ்லாத்தை ஏற்றதாக மாலத்தீவு மக்கள் தங்கள் வரலாற்றைச் சொல்கிறார்கள். மாலேயில் 1658ல் பவளக்கல்லால் கட்டிய ஜும்ஆ பள்ளி இன்றும் நிற்கிறது. குடிமக்கள் அனைவரும் முஸ்லிம்களாக இருக்க வேண்டும் என்பது 2008 அரசியல் சாசன விதி. இதெல்லாம் மனத்துக்கு நிறைவு தருபவைதான்.

ஆனால் நம்முடைய தீன் ஒன்றாக இருப்பதால் நாம் அந்நாட்டவர் ஆகிவிட மாட்டோம். நிலம் வாங்க முடியாது. குடியுரிமை எதிர்பார்க்க முடியாது. மார்க்கப் பிரசங்கம் செய்ய அரசு அனுமதி வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நல்லெண்ணத்தில்கூட ஆட்களைக் கூட்டி பயான் செய்யக் கூடாது. ஊரில் நாலு பேர் கூடிப் பேசுவது போல அங்கே நாட்டு அரசியலைப் பேசுவதும் வேண்டாம்.

இதற்கு வரலாற்றிலேயே முன்னுதாரணம் உண்டு. பயணி இப்னு பதூதா 1343ல் மாலத்தீவுக்குப் போனார். கற்றவர் என்பதால் காஜியாக நியமிக்கப்பட்டார். ஆளும் குடும்பத்தில் திருமண உறவும் கிடைத்தது. பதவி, மதிப்பு எல்லாம் இருந்தும் ஆட்சியில் இருந்தவரோடு பிணக்கு ஏற்பட்டதும் அடுத்த ஆண்டே அவர் புறப்பட வேண்டியதாயிற்று. அங்கிருந்து இலங்கைக்கும், பிறகு அரபிகள் மஅபர் என்று அழைத்த நம் கரைக்கும் வந்தார். காஜிக்கே அந்த நிலை என்றால், ஒப்பந்தத் தொழிலாளி தன்னை விருந்தாளியாக எண்ணி நடப்பதே புத்திசாலித்தனம்.

ரிசார்ட் வேலையைப் பற்றி இளைஞர்கள் வெளிப்படையாகக் கேட்க வேண்டும். மது பரிமாறுவதும் சுமப்பதும் நமக்கு ஆகாது என்பதில் ஐயமில்லை. எலக்ட்ரீஷியன், தோட்ட வேலை, கணக்கு, படகு இயக்குதல் போன்றவை நேரடியாக அதில் சேராது. ஆனால் ஊழியர்களுக்குப் பகிரப்படும் சர்வீஸ் சார்ஜில் மது விற்பனையின் பங்கும் கலந்திருக்கும். இதில் எது கூடும், எது கூடாது என்பதைப் போவதற்கு முன்பே நம் இமாமிடம் வேலையின் விவரத்தைச் சொல்லிக் கேளுங்கள். போன பிறகு கேட்டால் பதிலைப் பின்பற்றுவது கடினமாகிவிடும்.

சிக்கல் வந்தால் திரும்பும் வழி

2020ல் கொரோனா வந்து விமானங்கள் நின்றபோது, ரிசார்ட்டுகள் மூடி, ஆயிரக்கணக்கான இந்தியர்கள் அங்கே தவித்தார்கள். இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். ஜலஷ்வா கப்பல் மே மாதம் மாலேயிலிருந்து கொச்சிக்கு 698 பேரை ஏற்றி வந்தது. ஜூன் மாதம் அதே கப்பல் சுமார் 700 பேரைத் தூத்துக்குடியில் இறக்கியது. தூதரகத்தில் பெயர் பதிந்தவர்களைக் கொண்டே பட்டியல் தயாரானது. எனவே போய்ச் சேர்ந்ததும் மாலேயில் உள்ள இந்தியத் தூதரகத்தில் பெயர், தீவு, முதலாளி விவரத்தைப் பதிவு செய்வதை முதல் வாரத்து வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

2022 நவம்பர் 10ஆம் தேதி மாலேயில் வாகனப் பட்டறைக்கு மேலே வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நெருக்கமாகத் தங்கியிருந்த கட்டடத்தில் தீப்பிடித்தது. 10 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். தங்குமிடம் இலவசம் என்று சந்தோஷப்படுவதோடு நின்றுவிடாமல், அந்த அறைக்கு ஜன்னல் உண்டா, இரண்டாவது வழி உண்டா, ஒரே அறையில் எத்தனை பேர் என்று கேட்பது உயிர் காக்கும் கேள்வி.

சம்பளம் தராமல் இழுத்தடித்தால் அங்குள்ள தொழிலாளர் அதிகாரிகளிடமும், வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்திடமும் முறையிடலாம். ஒப்பந்தமும் சம்பளச் சீட்டும் இருந்தால்தான் வழக்கு நிற்கும். புறப்படும் முன் சந்தேகங்களுக்குச் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தையும், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையும் அணுகலாம். வெளிநாடு வாழ் தமிழர்களுக்கான நல வாரியமும் நம் மாநிலத்தில் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் ஏற்பாடு: திரும்பி வர ஆகும் விமானச் சீட்டுப் பணத்தையும் இரண்டு மாத வீட்டுச் செலவையும் கையில் வைத்துவிட்டே கிளம்ப வேண்டும். கடைசி ரூபாய் வரை ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டுப் போனவருக்கு, நிலைமை கெட்டாலும் திரும்ப முடியாது. முதலாளி சொல்வதையெல்லாம் பொறுத்துக்கொண்டு அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

குடும்பமாக உட்கார்ந்து பதில் எழுத வேண்டிய கேள்விகள்

1. தீவின் பெயர் என்ன? மாலேயிலிருந்து எப்படிப் போவது, எவ்வளவு நேரம்?
2. நுழைவு அனுமதி என் பெயரில், இதே வேலைக்கு வந்திருக்கிறதா?
3. சம்பளம் டாலரிலா, ரூஃபியாவிலா? வங்கிக் கணக்கிலா, கையிலா?
4. மாதம் எவ்வளவு அனுப்ப முடியும்? வீட்டுச் செலவுக்கு அது போதுமா?
5. தங்குமிடம், சாப்பாடு, விமானச் சீட்டு யார் பொறுப்பு? தாளில் எழுதியிருக்கிறதா?
6. ஏஜெண்டுக்குக் கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது உண்டா?
7. வேலையில் மார்க்கம் தடுத்த பகுதி ஏதும் இருக்கிறதா?
8. அதே முதலாளியிடம் வேலை பார்த்த ஒருவரோடு பேசினோமா?
9. பிள்ளைகளின் படிப்பும் பெற்றோரின் மருத்துவமும் யார் பார்ப்பது?
10. ஆறு மாதத்தில் திரும்ப நேர்ந்தால் கடன் எவ்வளவு மிஞ்சும்?

பத்துக்கும் பதில் இருந்தால், இரண்டு ரக்அத் இஸ்திகாரா தொழுது, அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்துப் பயணப்படுங்கள். தெரியாத கேள்வி மூன்றுக்கு மேல் இருந்தால் ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். நல்ல வேலை என்றால் ஒரு மாதம் காத்திருக்கும். காத்திருக்க முடியாது என்று அவசரப்படுத்துபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

ஒப்பந்தத்தை வாசித்துப் பொருள் சொல்லவும், ஏஜெண்டின் பதிவைச் சரிபார்க்கவும் நம் அறக்கட்டளை அலுவலகத்தில் உதவி செய்கிறோம். ஜும்ஆவுக்குப் பிறகு தாள்களின் நகலோடு வரலாம். சகோதரிகள் தம் வீட்டாரோடு வரலாம். வெளிநாட்டு வேலைக்கு வட்டியில்லாக் கடன் கேட்பவர்கள் மேலே உள்ள பத்துக் கேள்விகளுக்கும் எழுதிய பதிலை விண்ணப்பத்தோடு இணைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். கடனை மறுப்பதற்காக அல்ல, கொடுக்கும் கடன் உங்களுக்குச் சுமையாகிவிடக் கூடாது என்பதற்காகவே கேட்கிறோம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் பயணத்தில் பரக்கத்தையும், அவர்கள் தேடும் ரிஸ்கில் ஹலாலையும், பத்திரமாக ஊர் திரும்பும் பாக்கியத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.